ஒரு ஸ்க்ரூவால் என்ன ஆகிவிடும்?

ஹார்டுவேர் என்று சொன்னவுடன் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க் ஆகியவைதான் நினைவுக்கு வரும். மற்றவர்களுக்கு ஆணி, தாழ்ப்பாள், நட்டு, போல்ட் விற்கும் கடை நினைவுக்கு வரும். இந்த இரண்டு ஹார்டுவேரும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் கேபினட்டில் இருக்கும் ஸ்க்ரூக்கள்தான் அவை.

புதிதாக ஒரு ஹார்ட் டிஸ்க் மாட்டும்போதோ, தூசி துடைக்கக் கேபினட்டைத் திறக்கும்போதோ ஒரு ஸ்க்ரூ எங்கேயாவது உருண்டு போய்விடும். "ஸ்க்ரூ தானே, கைக்குக் கிடைத்ததைப் போட்டு முடுக்கி விடலாம்" என்றுதான் பலரும் நினைப்பார்கள். அங்கேதான் பிரச்னை தொடங்குகிறது. கம்ப்யூட்டரில் உள்ள ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு அளவு, ஒரு நீளம், ஒரு உலோகம் உண்டு. அவை அப்படி இருப்பதற்குக் காரணமும் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால் தொலைந்த ஸ்க்ரூவுக்குச் சரியான மாற்றை நீங்களே வாங்கிவிடலாம். முதலில் கம்ப்யூட்டரை விட்டு வேறு ஒரு கருவியைப் பார்ப்போம். அதில் இந்தக் காரணம் பளிச்சென்று தெரியும்.

மெட்டல் டிடெக்டர் சொல்லும் பாடம்

தலைவர்கள் பேச வரும் மேடையைப் போலீசார் சோதனை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட குச்சியின் முனையில் வட்டமான ஒரு தட்டு இருக்கும். அதைத் தரையை ஒட்டி அசைத்துக்கொண்டே போவார்கள். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பழைய நாணயங்களையும் தங்கக் கட்டிகளையும் தேடுவதைப் பொழுதுபோக்காகவே வைத்திருப்பவர்கள் இதே போன்ற கருவியுடன் வயல்களில் அலைவார்கள்.

அந்த வட்டத் தட்டுக்குப் பெயர் காயில். அதற்குள் செம்புக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். அதில் விநாடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்சாரம் பாய்கிறது. அதனால் காயிலைச் சுற்றி ஒரு காந்தப் புலம் உண்டாகிறது. அருகில் உலோகம் இருந்தால் அதற்குள் சிறு மின்னோட்டம் சுழலும். அந்தச் சுழல் மின்னோட்டம் தனக்கென ஒரு காந்தப் புலத்தை உருவாக்கும். காயில் அதை உணர்ந்தவுடன் கருவி ஒலி எழுப்புகிறது.

காயிலைக் குச்சியுடன் இணைப்பது ஒரே ஒரு போல்ட். அது நைலானால் ஆனது. அதன் இரு பக்கமும் ரப்பர் வாஷர் இருக்கும். நைலான் போல்ட் உடைந்து, கடையில் கிடைத்த இரும்பு போல்ட்டை மாட்டினால் என்ன ஆகும்? காயிலுக்கு மிக அருகில் இருக்கும் உலோகம் அந்த போல்ட்தான். கருவி தன் சொந்த போல்ட்டையே கண்டுபிடித்துக் கத்தும். கத்தாவிட்டாலும் மண்ணுக்குள் இருக்கும் சிறிய பொருளை உணரும் திறன் குறைந்துவிடும்.

"காந்தம் ஒட்டாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளை போல்ட் போட்டால்?" என்று கேட்கலாம். பயன் இல்லை. காந்தம் ஒட்டாவிட்டாலும் மின்சாரம் பாயும் எந்த உலோகத்தையும் டிடெக்டர் கண்டுகொள்ளும். எனவே அந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் வகைதான் சரி.

நைலானிலும் உறுதியாக உழைப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். நைலான் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. உறிஞ்சினால் கொஞ்சம் மென்மையாகி, அளவிலும் சற்று மாறும். வெயிலிலேயே கிடந்தால் நாளடைவில் மொறுமொறுவென்று உடையும். கார்பன் கலந்த கறுப்பு நைலான் வெயிலை அதிகம் தாங்கும். அசிட்டால் என்ற பிளாஸ்டிக் ஈரத்தை மிகக் குறைவாகவே உறிஞ்சும்.

இன்னொரு விஷயம். காயில் தளர்ந்து தொங்கினால் போல்ட்டை மேலும் மேலும் முடுக்கக்கூடாது. பிளாஸ்டிக் போல்ட்டோ, அதைத் தாங்கும் காயிலின் காதுகளோ உடைந்துவிடும். உண்மையில் தேய்ந்து போயிருப்பது பெரும்பாலும் ரப்பர் வாஷராக இருக்கும். அதை மாற்றினாலே காயில் உறுதியாக நிற்கும்.

ஆக, மாற்று ஸ்க்ரூ அல்லது போல்ட் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பழையது அந்த இடத்தில் என்ன வேலை செய்தது?

கம்ப்யூட்டரில் கதை தலைகீழ்

டிடெக்டரில் உலோகம் கூடாது. கம்ப்யூட்டரிலோ பல இடங்களில் உலோகம்தான் வேண்டும். மதர்போர்டில் ஸ்க்ரூ போடும் ஓட்டைகளை உற்றுப் பாருங்கள். பெரும்பாலான போர்டுகளில் ஓட்டையைச் சுற்றி வெள்ளி நிறத்தில் ஒரு வளையம் இருக்கும். அது போர்டின் கிரவுண்டுடன் இணைக்கப்பட்டது. உலோக ஸ்க்ரூ போடும்போது போர்டின் கிரவுண்டும் கேபினட்டும் ஒன்றாக இணைகின்றன. முன்பெல்லாம் இந்த ஸ்க்ரூக்களுக்கு அடியில் சிவப்பு நிறக் காகித வாஷர் போடுவார்கள். வளையம் உள்ள இன்றைய போர்டுகளுக்கு அது தேவையில்லை.

அதேபோல் எஸ்.எம்.பி.எஸ். என்று நாம் சொல்லும் பவர் சப்ளையின் பின்பக்கம் நான்கு ஸ்க்ரூக்கள் இருக்கும். சுவரில் உள்ள பிளக்கின் எர்த், பவர் சப்ளையின் இரும்புப் பெட்டி வழியாகக் கேபினட்டுக்குக் கிடைக்கிறது. இந்த இடத்தில் ஸ்க்ரூ இல்லாமல் விடுவதும், பிளாஸ்டிக் ஸ்க்ரூ போடுவதும் தவறு. கேபினட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது என்றால் இந்த ஸ்க்ரூக்களோடு நிறுத்திவிடாமல், வீட்டின் எர்த் இணைப்பையும் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் சரிபார்க்கவும்.

இஞ்சா, மில்லிமீட்டரா?

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். கம்ப்யூட்டருக்குள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வகை ஸ்க்ரூக்கள் உள்ளன.

முதல் வகை 6-32. இது அமெரிக்க இஞ்சு அளவு. இதில் 6 என்பது தடிமனைக் குறிக்கும் எண். மில்லிமீட்டரில் சொன்னால் சுமார் 3.5 மி.மீ. அடுத்து வரும் 32 என்பது ஒரு இஞ்சு நீளத்தில் 32 மரைகள் இருப்பதைக் குறிக்கிறது.

இரண்டாவது வகை எம்3. இது மெட்ரிக் அளவு. தடிமன் 3 மி.மீ. ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி 0.5 மி.மீ. அதாவது ஒரு இஞ்சுக்குள் சுமார் 51 மரைகள். எனவே எம்3 ஸ்க்ரூவின் மரை பொடியாகவும் நெருக்கமாகவும் தெரியும். 6-32 ஸ்க்ரூவின் மரை பெரிதாக, இடைவெளி விட்டுத் தெரியும்.

ஏன் இரண்டு வகை? ஐ.பி.எம். நிறுவனம் 1981ல் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை அமெரிக்காவில் வெளியிட்டது. அங்கே இஞ்சு அளவுதான் வழக்கம். சி.டி.யை உருவாக்கிய சோனியும் பிலிப்சும் மெட்ரிக் அளவு வழக்கத்தில் உள்ள ஜப்பானையும் நெதர்லாந்தையும் சேர்ந்தவை. உலகின் பல மூலைகளில் இருந்து வந்த பாகங்கள் ஒரே பெட்டியில் சேர்ந்தன. இரண்டு அளவுகளும் அப்படியே நிலைத்துவிட்டன.

எந்த இடத்தில் எது என்று கீழே தருகிறேன்.

* கேபினட்டின் பக்கக் கதவுகள், பவர் சப்ளை, 3.5 இஞ்சு ஹார்ட் டிஸ்க்: 6-32.
* கிராபிக்ஸ் கார்டு போன்ற கார்டுகளின் பின்பக்கப் பட்டை: பெரும்பாலும் 6-32.
* 2.5 இஞ்சு ஹார்ட் டிஸ்க், 2.5 இஞ்சு எஸ்.எஸ்.டி., சி.டி., டி.வி.டி. டிரைவ்: எம்3.
* மதர்போர்டு: உங்கள் கேபினட்டில் உள்ள பித்தளைக் கால்களைப் பொறுத்து 6-32 அல்லது எம்3.
* எம்.2 வகை எஸ்.எஸ்.டி.: பெரும்பாலும் எம்2, அதாவது 2 மி.மீ. தடிமன். நீளம் சுமார் 3 மி.மீ.
* கேபினட் மின்விசிறி: தானே மரை வெட்டிக்கொண்டு பிளாஸ்டிக்கில் இறங்கும் தடித்த ஸ்க்ரூ. இதை வேறு எங்கும் போடக்கூடாது.

6-32 ஓட்டையில் எம்3 ஸ்க்ரூவைப் போட்டால் லொடலொடவென்று ஆடும். முடுக்கினாலும் பிடிக்காது. பிறகு ஒரு நாள் கழன்று மதர்போர்டு மேல் விழும். எம்3 ஓட்டையில் 6-32 ஸ்க்ரூவைப் போட்டால் இதைவிட மோசம். முதல் சுற்றிலேயே இறுக்கமாக இருக்கும். பலம் கொடுத்துத் திருகினால் உள்ளே போவதுபோல் தோன்றும். உண்மையில் அது அலுமினியத்தில் இருந்த மரையைச் சீவிக்கொண்டு போகிறது. கிண்டலாக "மரை கழன்ற கேஸ்" என்போமே, உங்கள் டிரைவ் நிஜமாகவே அப்படி ஆகிவிடும்.

நீளத்தில் கவனம் தேவை

என் நண்பர் வீட்டில் பழைய லேப்டாப் பழுதானது. அதிலிருந்த 2.5 இஞ்சு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி டெஸ்க்டாப்பில் மாட்டித் தரும்படி அருகில் இருந்த கடையில் கொடுத்தார். அங்கே சரியான எம்3 ஸ்க்ரூ இல்லையோ என்னவோ, கேபினட் ஸ்க்ரூவையே பலமாக முடுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். டிஸ்க் வேலை செய்யவில்லை. கழற்றிப் பார்த்தபோது சீவப்பட்ட அலுமினியத் துகள்கள் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டில் சிதறிக் கிடந்தன. அலுமினியத்தில் மின்சாரம் பாயும். போர்டில் ஷார்ட் ஆகியிருந்தது. அந்த டிஸ்க்கில்தான் அவர் மகளின் பிறந்த நாள் முதல் பள்ளியில் சேர்ந்த நாள் வரையிலான போட்டோக்கள் இருந்தன. வேறு காப்பி கிடையாது.

தடிமன் சரியாக இருந்தாலும் நீளம் அதிகமாக இருந்தால் இதே ஆபத்து உண்டு. டிரைவின் ஸ்க்ரூ ஓட்டைகள் ஆழம் குறைந்தவை. 2.5 இஞ்சு டிரைவுக்குள் ஸ்க்ரூவின் நுனி சுமார் 3 மி.மீ. வரை இறங்கினால் போதும். நீளமான ஸ்க்ரூ அடியில் முட்டி உள் பாகத்தை அழுத்தும். எனவே டிரைவைச் செருகும் தட்டின் தடிமனையும் சேர்த்துக் கணக்கிட்டு ஸ்க்ரூவைத் தேர்ந்தெடுக்கவும். டிரைவில் கை வைக்கும் முன் அதில் உள்ள பைல்களை வேறு ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்து வைக்கவும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

லேப்டாப்பில் இன்னும் கவனம் வேண்டும். அடிப்பக்கம் உள்ள ஸ்க்ரூக்கள் ஒரே மாதிரி தெரிந்தாலும் நீளம் வேறுபடும். நீளமான ஸ்க்ரூவைக் குட்டையான இடத்தில் போட்டால் அது மேல்பக்கம் கீபோர்டையோ டச்பேடையோ குத்திக்கொண்டு வரும். ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைப் படமாக வரைந்து, கழற்றும் ஸ்க்ரூவை அந்தந்த இடத்தில் செலோ டேப்பால் ஒட்டி வைக்கவும்.

மதர்போர்டின் பித்தளைக் கால்கள்

மதர்போர்டு நேரடியாகக் கேபினட் தகட்டில் உட்காருவதில்லை. அறுகோண வடிவில் உள்ள சிறிய கால்களின் மேல் நிற்கிறது. இவற்றை ஸ்டாண்ட் ஆஃப் என்பார்கள். போர்டின் அடிப்பக்கம் முழுவதும் ஈயப் பற்றுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை தகட்டில் படாமல் காப்பது இந்தக் கால்கள்தான்.

கால் எங்கே இருக்கிறதோ அங்கே போர்டில் ஓட்டை இருக்க வேண்டும். போர்டு மாற்றும்போது பழைய போர்டுக்குப் போட்ட கால் ஒன்று தேவையில்லாத இடத்தில் நின்றுவிட்டால், அது புதிய போர்டின் அடிப்பக்கத்தில் முட்டி ஷார்ட் ஆக்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆகாது, அல்லது காரணம் தெரியாமல் அணைந்து அணைந்து எரியும். மாறாக, ஒரு கால் குறைந்தால் ராம் செருகும்போது அந்த இடத்தில் போர்டு வளையும். எனவே போர்டை வைக்கும் முன் ஓட்டைகளையும் கால்களையும் எண்ணிப் பார்க்கவும்.

எம்.2 ஸ்க்ரூவும் கூலர் பின்னும்

இன்று பலரும் வாங்குவது எம்.2 எஸ்.எஸ்.டி. சூயிங்கம் பட்டை போல் இருக்கும். இதில் 2280 என்ற எண்ணைப் பார்த்தால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம் என்று பொருள். இதைச் சாய்வாகச் செருகினால் மறுமுனை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். அதைப் படுக்க வைத்துப் பிடிப்பது ஒரே ஒரு குட்டி ஸ்க்ரூ. பெரும்பாலும் இது மதர்போர்டு பெட்டியில் வரும், எஸ்.எஸ்.டி. பெட்டியில் வருவது குறைவு. எனவே மதர்போர்டு பெட்டியைக் குப்பையில் போடாதீர்கள். ஸ்க்ரூ தொலைந்தால் டேப் ஒட்டி அழுத்தி வைப்பது தீர்வு அல்ல. எஸ்.எஸ்.டி. சூடாகும்போது பசை இளகும்.

பிராசஸரின் மேல் இருக்கும் கூலரைப் பிடிக்கும் பாகமும் இப்படித்தான். பல இன்டெல் கூலர்களில் அழுத்திப் பூட்டும் நான்கு பிளாஸ்டிக் பின்கள் உண்டு. ஒன்று உடைந்தாலும் கூலர் சாய்ந்து பிராசஸர் சூடாகும். பின் தனியாகக் கிடைக்கும், ஆனால் கூலர் மாற்றுவதாக இருந்தால் சாக்கெட் எண்ணைப் பார்க்கவும். எல்.ஜி.ஏ. 1200 சாக்கெட்டில் ஓட்டைகளுக்கு இடையே 75 மி.மீ. இருந்தது. 2021ல் வந்த எல்.ஜி.ஏ. 1700ல் அது 78 மி.மீ. ஆனது. மூன்றே மில்லிமீட்டர் வித்தியாசம்தான். ஆனாலும் பழைய கூலரின் பின்கள் புதிய போர்டில் பொருந்தாது.

துருவும் தேய்மானமும்

கம்ப்யூட்டர் ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் இரும்பில் துத்தநாகப் பூச்சு பூசியவை. சாதாரண வீட்டுக்கு அது போதும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் பூச்சு போய்த் துரு பிடிக்கும். அங்கே கேபினட்டின் வெளிப்புற ஸ்க்ரூக்களுக்கு எஸ்.எஸ். 304 போடலாம். கடற்கரைக்கு மிக அருகில் என்றால் எஸ்.எஸ். 316 நல்லது. அதில் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை இன்னும் அதிகம் தாங்கும்.

ஹார்ட் டிஸ்க் "உர்ர்" என்று சத்தம் போட்டால் ஸ்க்ரூவை மேலும் முடுக்க வேண்டாம். டிடெக்டர் காயிலில் பார்த்த அதே பாடம்தான் இங்கும். பல கேபினட்டுகளில் டிஸ்க்கைச் சுற்றி ரப்பர் வளையங்கள் இருக்கும். அதிர்வைத் தாங்குவது அவற்றின் வேலை. அவை காய்ந்து வெடித்திருந்தால் அவற்றைத்தான் மாற்ற வேண்டும். ரப்பர் வளையம் உள்ள கேபினட்டுக்கென நடுவில் மரை இல்லாத தனி ஸ்க்ரூ வரும். அதைப் பத்திரமாக வைக்கவும்.

வாங்குவது எப்படி?

1. தொலைந்த ஸ்க்ரூவின் ஜோடி ஒன்று கேபினட்டிலேயே இருக்கும். அதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் செல்லவும். அளவை வாயால் சொல்வதைவிட இது நல்லது.

2. கடையில் இரண்டு ஸ்க்ரூக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும். இடைவெளியே தெரியாமல் பொருந்தினால் ஒரே மரை.

3. எம்3, எம்2 வகைகள் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் நல்ல ஹார்டுவேர் கடைகளிலும் கிடைக்கும். 6-32 வகை சாதாரண ஹார்டுவேர் கடையில் கிடைப்பது கடினம். கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் கடையில் கேட்டால் டப்பாவில் இருந்து எடுத்துத் தருவார்கள். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டு வகையையும் வாங்கலாம்.

4. ஆன்லைனில் "கம்ப்யூட்டர் ஸ்க்ரூ செட்" என்று பல வகைகள் கலந்த டப்பா கிடைக்கும். வாங்கும் முன் 6-32, எம்3, எம்2 மூன்றும் அதில் இருப்பதைப் பார்த்துக்கொள்ளவும்.

மாட்டும்போது கவனிக்க

கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு மற்ற பாகங்களைத் தொடவும். உடலில் உள்ள நிலை மின்சாரம் இறங்கிவிடும்.

ஸ்க்ரூவை முதலில் விரலால் இரண்டு மூன்று சுற்று திருகவும். சுலபமாகப் போனால் சரியான ஸ்க்ரூ. ஆரம்பத்திலேயே முரண்டு பிடித்தால் தவறான ஸ்க்ரூ, அல்லது கோணலாகப் போகிறது. வெளியே எடுத்துவிட்டு மீண்டும் முயலவும். முடிவில் ஸ்க்ரூ டிரைவரால் இறுக்கமானவுடன் நிறுத்திவிடவும். மதர்போர்டில் எல்லா ஸ்க்ரூக்களையும் பாதி அளவுக்குப் போட்ட பிறகு ஒவ்வொன்றாக இறுக்கவும்.

ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரில் 6-32, எம்3 இரண்டுக்கும் பொதுவாக பி.எச்.2 முனை பொருந்தும். எம்2 போன்ற குட்டி ஸ்க்ரூக்களுக்கு பி.எச்.0 அல்லது பி.எச்.00 வேண்டும். பொருந்தாத முனையால் திருகினால் தலை தேய்ந்துவிடும். தேய்ந்துவிட்டதா? அகலமான ரப்பர் பேண்டை ஸ்க்ரூ தலையின் மேல் வைத்து, அதன் மேல் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தித் திருகிப் பாருங்கள். பல நேரம் கழன்று வந்துவிடும்.

காந்த முனை உள்ள ஸ்க்ரூ டிரைவர் ஹார்ட் டிஸ்க்கை அழித்துவிடும் என்ற பயம் இன்றும் பலருக்கு உள்ளது. பிளாப்பி காலத்தில் அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. ஹார்ட் டிஸ்க்குக்கு உள்ளேயே அதைவிடப் பலமான காந்தங்கள் இருக்கின்றன. எஸ்.எஸ்.டி. காந்தத்தால் பதிவு செய்வதே இல்லை. எனவே தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஸ்க்ரூ உள்ளே விழுந்துவிட்டால் அது வெளியே வரும் வரை கம்ப்யூட்டரை ஆன் செய்யக்கூடாது. கேபினட்டை மெதுவாகச் சாய்த்து ஆட்டி எடுக்கவும். பவர் சப்ளைக்குள் விழுந்திருந்தால் அதைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் உள்ள கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும். அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடவும்.

கடைசியாக ஒரு வேலை. காலியான மாத்திரை டப்பா ஒன்றை எடுத்து, கேபினட், மதர்போர்டு, எஸ்.எஸ்.டி. ஆகியவற்றுடன் வந்து மீதமான ஸ்க்ரூக்களை வகை வகையாகக் காகிதத்தில் மடித்து, மேலே 6-32, எம்3, எம்2 என்று எழுதி அதில் போட்டு வைக்கவும். அடுத்த முறை கேபினட்டைத் திறக்கும்போது கைக்குக் கிடைத்ததைத் தேட வேண்டியிருக்காது. சரியானது கையில் இருக்கும்.